விடைப் பக்கத்தை மூடி வைத்த பிறகு

தொழில்முறைக் கணக்கியல் தேர்வில், தாய் நிறுவனத்தையும் அதன் துணை நிறுவனங்களையும் ஒன்றாகக் காட்டும் குழும நிதிநிலை அறிக்கைகளுக்குரிய தாளை முதன்முறை எழுதியபோது எனக்கு 46 மதிப்பெண்கள் கிடைத்தன. தேர்ச்சிக்கு 50 வேண்டும். படிக்காமல் போய் இழந்த மதிப்பெண்கள் அல்ல அவை. பாடநூலை முழுமையாக இரண்டு முறையும், கடினமான அத்தியாயங்களை நான்கைந்து முறையும் வாசித்திருந்தேன்; பயிற்சி வினாத் தொகுப்பில் இருந்த ஏறக்குறைய எல்லாக் கணக்குகளையும் பார்த்திருந்தேன். ‘பார்த்திருந்தேன்’ என்ற அந்தச் சொல்லில்தான் கோளாறு இருந்தது என்பதை உணர எனக்குச் சில வாரங்கள் ஆயின. வினாவை வாசிப்பேன், இதை இப்படித்தான் போட வேண்டும் என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வேன், உடனே விடைப் பக்கத்தைத் திருப்பி வரிவரியாகத் தொடர்ந்து செல்வேன். எல்லாம் புரியும். புரிந்துவிட்டது என்ற நிறைவோடு அடுத்த வினாவுக்குப் போய்விடுவேன்.

கண் பார்த்தால் கை செய்யும் என்பார்கள். கணக்கியல் தேர்வில் அது நடப்பதில்லை என்பதே என் அனுபவம். அச்சிட்ட விடையில் எடுத்து முடிக்கப்பட்ட முடிவுகள் மட்டுமே இருக்கும். அந்த முடிவுகளை எடுக்க வேண்டிய இடங்கள் எவை என்பது அதில் தெரியாது. ஓர் எளிய கணக்கையே எடுத்துக்கொள்வோம். தாய் நிறுவனம் ஒன்று துணை நிறுவனத்தின் பங்குகளில் 80 சதவீதத்தை வைத்திருக்கிறது. துணை நிறுவனம் அடக்க விலையின் மேல் 25 சதவீதம் லாபம் சேர்த்து, 1,25,000 மதிப்புள்ள சரக்கைத் தாய் நிறுவனத்துக்கு விற்கிறது. ஆண்டிறுதியில் அந்தச் சரக்கில் 40 சதவீதம் தாய் நிறுவனத்திடம் விற்காமல் கிடக்கிறது. விடையில் 10,000 என்ற ஈட்டப்படாத லாபமும் (சரக்கு இன்னும் குழுமத்துக்கு வெளியே விற்கப்படாததால் லாபமாகக் கொள்ள முடியாத தொகை), அதில் 8,000 குழுமத்துக்கும் 2,000 மீதி 20 சதவீதத்தை வைத்திருக்கும் சிறுபான்மைப் பங்குதாரருக்கும் கழிக்கப்படும் என்ற ஒரு வரியும் இருக்கும். வாசிப்பவருக்கு அதில் எந்தச் சிக்கலும் தோன்றாது.

அந்த ஒரு வரியில் மூன்று முடிவுகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, 25 சதவீதம் என்பது அடக்க விலையின் மேலா, விற்பனை விலையின் மேலா என்பது. விற்பனை விலையின் மேல் என்று எடுத்துக்கொண்டால் மொத்த லாபம் 31,250 ஆகிவிடும். சரியான தொகையோ 25,000தான். அடுத்தது, முழு லாபத்தையும் கழிக்க வேண்டுமா, விற்காமல் இருக்கும் பகுதிக்கு உரியதை மட்டும் கழிக்க வேண்டுமா என்பது. மூன்றாவது, விற்றவர் யார் என்பது. துணை நிறுவனம் விற்றிருந்தால் சிறுபான்மைப் பங்குதாரரும் தம் பங்கைத் தாங்குவார், தாய் நிறுவனம் விற்றிருந்தால் 10,000 முழுவதும் தாய் நிறுவனத்தின் லாபத்திலிருந்தே கழியும். விடையைப் பார்த்துப் படித்த காலத்தில் இந்த மூன்று முடிவுகளில் ஒன்றைக்கூட நான் எடுத்ததில்லை. விடை எழுதியவர் எனக்காக எடுத்து வைத்திருந்தார். தேர்வு அறையில் அவர் இல்லை.

பிற்பாடு, கற்றலைப் பற்றிய ஆய்வுகளைத் தேடி வாசித்தபோது என் நிலைமைக்கு ஒரு விளக்கம் கிடைத்தது. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு அது. மாணவர்களிடம் சிறிய உரைநடைப் பகுதிகளைக் கொடுத்து, ஒரு முறை அதே பகுதியை மீண்டும் வாசிக்கச் சொன்னார்கள். இன்னொரு முறை, வாசித்ததை நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடங்கள் கழித்துச் சோதித்தபோது மீண்டும் வாசித்த பகுதியே அதிகமாக நினைவில் இருந்தது: 81 சதவீதம், நினைவிலிருந்து எழுதிப் பார்த்ததோ 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழாகிவிட்டது. மீண்டும் வாசித்ததில் 42 சதவீதமும், எழுதிப் பார்த்ததில் 56 சதவீதமும் நினைவில் நின்றன. அவர்கள் சோதித்தது கணக்கியல் பாடத்தை அல்ல என்றாலும், இதில் என்னை உலுக்கியது அந்த ஐந்து நிமிடக் கணக்குதான். விடையைப் படித்து முடித்தவுடன் எனக்கு வந்த நிறைவு பொய்யானதன்று. அந்த நேரத்துக்கு அது உண்மையாகவே இருந்தது. தேர்வு நாள் வரை நிற்கும் வலு மட்டும் அதற்கு இல்லை.

ஆகவே இரண்டாம் முறை தயாரானபோது ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டேன்: வெற்றுத் தாளில் என் கையால் ஒரு விடையை எழுதி முடிக்கும் வரை, அது தவறான விடையாகவே இருந்தாலும், விடைப் பக்கத்தைத் திறப்பதில்லை. சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்த விதி, நடைமுறையில் முதல் இரண்டு வாரங்கள் மிகவும் கசந்தது. நாற்பது நிமிடங்களில் மூன்று வினாக்களைப் ‘பார்த்து’ முடித்துக்கொண்டிருந்த எனக்கு, ஒரே வினாவை முடிக்க ஒரு மணி நேரம் தேவைப்பட்டது. இருப்புநிலைக் குறிப்பு ஒரு தொகையால் சமன்படாமல் நிற்கும். எங்கே தவறு என்று தெரியாது. அப்படி நிற்கும் நேரத்தில் விடையைத் திறந்துவிட வேண்டும் என்ற உந்துதல் மிகக் கடுமையாக இருக்கும். அந்த நிலையில் நான் செய்தது இதுதான்: முதலில் விடைக்குரிய படிவத்தை, அதாவது தலைப்புகளையும் வரிகளையும், தொகைகள் இல்லாமல் எழுதிக்கொள்வேன். பிறகு ஐயம் இல்லாத தொகைகளை நிரப்புவேன். மீதியுள்ள இடத்தில் பத்து நிமிடங்களாவது முட்டி மோதுவேன். அதன் பிறகும் வழி தெரியவில்லை என்றால் விடையைத் திறந்து, தடைப்பட்ட அந்த ஒரு படியை மட்டும் பார்த்துவிட்டு மீண்டும் மூடிவிடுவேன். விடையைப் பார்த்தே எழுதி முடித்த கணக்கை முடித்த கணக்காகக் கணக்கில் கொள்வதில்லை. ஒரு வாரம் கழித்து, உதவியில்லாமல் மறுபடியும் போட வேண்டிய கணக்காக அதைக் குறித்து வைப்பேன்.

அத்தியாய முடிவில் இருக்கும் பயிற்சிகளை மட்டும் நம்பியிருப்பதில் இருக்கும் ஆபத்து எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் புலப்பட்டது. தேய்மான அத்தியாயத்தின் முடிவில் வரும் வினா தேய்மானத்தைப் பற்றியதுதான் என்பது வாசிப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். தேர்வுத் தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. ஒரு கலப்புத் தாளில் நான் சந்தித்த வினாவை ஒத்த கணக்கைச் சொல்கிறேன். ஓர் இயந்திரத்தின் அடக்க விலை 6,00,000; ஆயுள் பத்து ஆண்டுகள்; இறுதி மதிப்பு எதுவும் இல்லை; நேர்கோட்டு முறையில், அதாவது ஆண்டுதோறும் ஒரே அளவில், தேய்மானம். நான்கு ஆண்டுகள் முடிந்த நிலையில், தேய்மானம் போக அதன் ஏட்டு மதிப்பு 3,60,000. ஐந்தாம் ஆண்டின் நடுவில் அதை விற்றுவிட நிர்வாகம் தீர்மானித்து, வாங்குபவரைத் தேடத் தொடங்குகிறது. விற்பனைச் செலவுகள் போக அதன் நியாய மதிப்பு 3,05,000. ஆண்டிறுதியில் இயந்திரம் இன்னும் விற்கப்படவில்லை. இந்த ஆண்டின் லாப நட்டக் கணக்கில் என்ன வரும்?

நான் முழு ஆண்டுக்கும் 60,000 தேய்மானம் எழுதி, ஏட்டு மதிப்பை 3,00,000 ஆக்கி, அது 3,05,000-ஐ விடக் குறைவாக இருப்பதால் வேறு நட்டம் எதுவும் இல்லை என்று முடித்துவிட்டேன். விற்பனைக்கென ஒதுக்கிய சொத்துகளைப் பற்றிய ஐஎஃப்ஆர்எஸ் 5 என்ற பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலையின்படி, அவ்வாறு வகைப்படுத்துவதற்கான நிபந்தனைகள் நிறைவேறிய நாள் வரைதான் தேய்மானம் உண்டு. ஆறு மாதங்களுக்கு 30,000 கழித்தால் ஏட்டு மதிப்பு 3,30,000. அதை 3,05,000-க்குக் குறைப்பதால் 25,000 நட்டம். அதன் பிறகு தேய்மானமே கிடையாது. மொத்தம் 55,000. என் தவறு, காட்ட வேண்டிய நட்டத்தையே முழுவதுமாக மறைத்துவிட்டது. இத்தனைக்கும் அந்தத் தரநிலையை நான் அறிவேன். அதன் அத்தியாயத்தில் இருந்த பயிற்சிகள் அனைத்தையும் சரியாகப் போட்டிருந்தேன். எனக்கு இல்லாமல் இருந்தது, தலைப்பு இல்லாத இடத்தில் அதை அடையாளம் கண்டுகொள்ளும் பழக்கம்.

இதைப் பற்றியும் ஓர் ஆய்வு இருக்கிறது. ரோரர், டெய்லர் என்ற இருவர் 2007-இல் வெளியிட்டது. திண்ம உருவங்களின் கன அளவைக் கணக்கிடும் பயிற்சிகளை ஒரு குழுவுக்கு வகை வகையாகப் பிரித்தும், இன்னொரு குழுவுக்குக் கலந்தும் கொடுத்தார்கள். பயிற்சியின்போது கலந்து செய்தவர்களே அதிகம் தவறு செய்தார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் கலந்து செய்தவர்கள் 63 சதவீதமும், வகை பிரித்துச் செய்தவர்கள் 20 சதவீதமும் பெற்றார்கள். கலப்புத் தாள்களில் மதிப்பெண் சரிவதைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் அத்தியாயவாரியாகப் படித்துவிட்டு வருவோம் என்று பின்வாங்குபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தச் சரிவுதான் பயிற்சி வேலை செய்வதன் அடையாளம் என்று அவர்களிடம் எவ்வளவு வற்புறுத்திச் சொன்னாலும் போதாது என்று தோன்றுகிறது. ஓர் அத்தியாயத்தை முதன்முதலாகக் கற்கும்போது அதற்குரிய நான்கைந்து பயிற்சிகளைத் தொடர்ந்து செய்வது அவசியம். அதற்குப் பிறகு அந்த அத்தியாயத்தின் வினாக்களை மற்றவற்றோடு கலந்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும் விட எனக்கு உதவியது ஒரு பிழைக் குறிப்பேடு. தவறாகப் போட்ட ஒவ்வொரு வினாவுக்கும் அதில் இரண்டு மூன்று வரிகள் எழுதுவேன். சரியான விடையை அதில் எழுதுவதில்லை. எந்த இடத்தில், எதை நினைத்துத் தவறினேன் என்பதை மட்டும் எழுதுவேன். ‘கவனக்குறைவு’ என்று எழுதுவதை எனக்கு நானே தடை செய்திருந்தேன், ஏனென்றால் அந்தச் சொல்லை எழுதிவிட்டால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருப்பதில்லை. 1,80,000 என்பதை 1,08,000 என்று எடுத்தெழுதியது ஒரு வகை. ‘ஆண்டின் தொடக்கத்தில்’ என்ற சொற்றொடரைத் தாண்டிப் போனது வேறு வகை. சொத்தின் மதிப்புக் குறைவைக் கணக்கிடும்போது மீட்கத்தக்க தொகையாக இரண்டு மதிப்புகளில் அதிகமானதை எடுக்க வேண்டிய இடத்தில் குறைவானதை எடுத்தது முற்றிலும் வேறு வகை. மூன்றையும் ஒரே பெயரில் அழைத்தால் மூன்றுக்கும் மருந்து கிடைக்காது.

கடைசியாகச் சொன்ன அந்தத் தவறை நான் மூன்று முறை செய்திருப்பது குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. காரணத்தைத் தோண்டிப் பார்த்தேன். சரக்கிருப்பை அடக்க விலை, நிகர விற்பனை மதிப்பு ஆகிய இரண்டில் குறைவானதில் காட்ட வேண்டும் என்ற ஐஏஎஸ் 2 என்ற பன்னாட்டுக் கணக்கியல் தரநிலையின் விதி என் கையில் ஊறிப் போயிருந்தது. அதன் பழக்கத்தில், சொத்தின் மதிப்புக் குறைவுக்கான ஐஏஎஸ் 36-இலும் குறைவானதை எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நிறுவனம் தன் சொத்தை விற்கலாம் அல்லது தொடர்ந்து பயன்படுத்தலாம். இரண்டில் எது அதிகப் பயன் தருமோ அதையே தேர்ந்தெடுக்கும். ஆகவே விற்றால் கிடைக்கும் நிகரத் தொகை, பயன்பாட்டு மதிப்பு ஆகிய இரண்டில் அதிகமானதே மீட்கத்தக்க தொகை. இந்தக் காரணத்தைக் குறிப்பேட்டில் என் சொற்களில் எழுதிய பிறகு அந்தத் தவறு திரும்ப வரவில்லை. விதியை மனப்பாடம் செய்து திருத்தியிருந்தால் நான்காவது முறையும் வந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

பலவுள் தெரிவு வினாக்களைச் சிலர் எளிதானவை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நன்றாக அமைக்கப்பட்ட பலவுள் தெரிவு வினாவில் தவறான விடைகள் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தவறான வழியின் முடிவாக இருக்கும். திட்டமிட்ட மேற்செலவு (வாடகை, மின்சாரம் போன்ற மறைமுகச் செலவு) 5,00,000, திட்டமிட்ட உழைப்பு 20,000 மணி நேரம், உண்மையான மேற்செலவு 4,90,000, உண்மையான உழைப்பு 19,000 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 25 வீதம் உற்பத்திச் செலவில் ஏற்கப்பட்ட மேற்செலவு 4,75,000. எனவே 15,000 குறைவாக ஏற்கப்பட்டிருக்கிறது. தெரிவுகளில் 10,000 இருக்கும். அது திட்டமிட்ட தொகைக்கும் உண்மையான தொகைக்கும் உள்ள வேறுபாடு. 25,000-உம் இருக்கும், அது திட்டமிட்ட தொகைக்கும் ஏற்கப்பட்ட தொகைக்கும் உள்ள வேறுபாடு. சரியான விடையைக் கண்டுபிடித்தவுடன் நகர்ந்துவிடாமல், மற்ற தெரிவுகள் எந்தத் தவறிலிருந்து பிறந்தவை என்று தேடிப் பார்ப்பது ஒரே வினாவிலிருந்து மூன்று வினாக்களின் பயனைத் தரும். தன் விடை தெரிவுகளில் ஒன்றாக இருப்பதால் மட்டும் அது சரியாகிவிடாது என்ற எச்சரிக்கையும் இதனால் வரும்.

தணிக்கைத் தாளுக்கு இந்த முறை சற்று மாறுபடும். அங்கே எண்களுக்குப் பதில் பத்திகள். வினாவில் ஒரு நிறுவனத்தின் நிலைமையை ஒரு பக்கத்துக்கு விவரித்திருப்பார்கள். நான் பொதுவான தணிக்கை நடைமுறைகளை வரிசையாக எழுதிவிட்டு வருவேன். மாதிரி விடையோடு ஒப்பிட்டபோது, என் விடையில் அந்த நிறுவனமே இல்லை என்பது தெரிந்தது. அதன் பிறகு, எழுதிய ஒவ்வொரு கருத்துக்கும் நேராக, வினாவின் எந்த வாக்கியத்திலிருந்து அது வந்தது என்று அடிக்கோடிட்டுப் பார்க்கத் தொடங்கினேன். அடிக்கோடு கிடைக்காத கருத்துகளை அடித்துவிட்டேன். ‘விளக்குக’, ‘மதிப்பிடுக’, ‘அறிவுரை கூறுக’ என்ற கட்டளைச் சொற்கள் வெவ்வேறு விடைகளைக் கேட்கின்றன என்பதும் எழுதிப் பார்த்தால்தான் உறைக்கிறது.

நேரக் கட்டுப்பாட்டைத் தொடக்கத்திலேயே புகுத்த வேண்டாம் என்பது என் கருத்து. முறையே கைவராத நிலையில் கடிகாரம் பதற்றத்தை மட்டும் தரும். பாடம் முழுவதையும் ஒரு சுற்று முடித்த பிறகு அது கட்டாயம். மூன்று மணி நேரம், 100 மதிப்பெண்கள் என்றால் ஒரு மதிப்பெண்ணுக்கு 1.8 நிமிடங்கள், 20 மதிப்பெண் வினாவுக்கு 36 நிமிடங்கள். 36 நிமிடங்கள் முடிந்தவுடன் பேனாவை வைத்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போகப் பழக வேண்டும், சமன்படாத இருப்புநிலைக் குறிப்பை அப்படியே விட்டுவிட்டாவது. கணக்கியல் படித்த மனத்துக்கு இது எவ்வளவு வலிக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எழுத்துத் தேர்வுகள் பலவற்றில் முறைக்கு மதிப்பெண் உண்டு. முன்படியில் வந்த தவறான தொகையைப் பின்படியில் சரியான முறையில் பயன்படுத்தினால் பின்படிக்குரிய மதிப்பெண் கிடைக்கும், செய்முறைக் குறிப்புகள் தெளிவாக இருந்தால். சமன்படாத ஒரு தொகையைத் தேடி இருபது நிமிடங்களைச் செலவழிப்பவர், அடுத்த வினாவின் தொடக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் மதிப்பெண்களை விட்டுக்கொடுக்கிறார். என் முதல் முயற்சியில் நான்கு மதிப்பெண்கள் அங்கேதான் போயின என்று எண்ணுகிறேன். கடைசி வினாவில் நான் தொடாத ஒரு பகுதி இருந்தது.

பழைய வினாத்தாள்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவை விலைமதிப்பற்றவை, ஆனால் அவற்றின் விடைகள் முதுமை அடையும். குத்தகைக்கான ஐஎஃப்ஆர்எஸ் 16 தரநிலை 2019 ஜனவரி 1 முதல் ஐஏஎஸ் 17-இன் இடத்துக்கு வந்தது. வருவாய்க்கான ஐஎஃப்ஆர்எஸ் 15 அதற்கு ஓராண்டு முன்பு வந்தது. 2019-க்கு முற்பட்ட விடைகளில் குத்தகைதாரரின் கணக்கைப் படித்தால், தேர்வில் தவறாகப் போகும் ஒன்றை உழைத்துக் கற்றுக்கொள்வோம். நிதிநிலை அறிக்கைகளின் அமைப்பை மாற்றும் ஐஎஃப்ஆர்எஸ் 18, 2027 ஜனவரி 1 அன்றோ அதன் பின்போ தொடங்கும் ஆண்டுகளுக்குக் கட்டாயமாகிறது. தாம் எழுதும் தேர்வின் பாடத்திட்டம் எந்தத் தேதி வரையிலான தரநிலைகளை ஏற்கிறது என்பதை ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். வரிச் சட்டத் தாள்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும், ஏனென்றால் வரி விகிதங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை.

இரண்டு முழு வினாத்தாள்களைத் தொடாமல் கடைசி வரை பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஒன்றையும், ஐந்து நாள் இருக்கும்போது மற்றொன்றையும், காலையில் தேர்வு தொடங்கும் அதே நேரத்தில், மூன்று மணி நேரம் இடையில் எழுந்திருக்காமல் எழுதினேன். முதல் தாளில் 51, இரண்டாம் தாளில் 58. மாதிரி விடைகளின் நீளத்தைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. அவை கற்பிப்பதற்காக எழுதப்பட்டவை, 36 நிமிடங்களில் யாராலும் அவ்வளவு எழுத முடியாது. மதிப்பெண் பங்கீட்டைப் பார்த்து, என் விடையில் எத்தனை மதிப்பெண்களுக்கான கருத்துகள் இருக்கின்றன என்பதை மட்டும் கடுமையாக எண்ணினேன்.

தேர்வுக்கு முந்தைய நாள் புதிய வினா எதையும் தொடவில்லை. பிழைக் குறிப்பேட்டில் இரண்டு முறைக்கு மேல் இடம்பெற்றிருந்த மூன்று கணக்குகளை மட்டும் வெற்றுத் தாளில் மறுபடியும் போட்டேன். அவற்றில் ஒன்று, துணை நிறுவனத்திலிருந்து தாய் நிறுவனத்துக்குப் போன சரக்கைப் பற்றியது. தொகைகளை எழுதுவதற்கு முன்பாகத் தாளின் மேல் ஓரத்தில், விற்றவரிடமிருந்து வாங்கியவரை நோக்கி ஓர் அம்புக்குறி வரைந்தேன். அதற்குக் கீழே ‘அடக்க விலையின் மேல்’ என்று எழுதினேன். பிறகுதான் கணக்கைத் தொடங்கினேன். முடித்துவிட்டு விடையோடு ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. குறிப்பேட்டில் அந்தக் கணக்குக்கு எதிரே அன்றைய தேதியை எழுதி மூடி வைத்தேன்.